நாரைக்கு ஆகாத கலர்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்குப் போய்ப் புடவை கடன் கேட்டேன். கல்யாணமா, காதுகுத்தா என்று கேட்காதீர்கள். நாரை பார்க்க!

தீபாவளி முடிந்த கையோடு கோடியக்கரைக்குப் போகிறேன். வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் நேரமாம். அந்தப் பக்கம் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி வசந்தி வருடா வருடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கா, மைனா, குழம்பில் கோழி. இருந்தாலும் இந்த முறை சரி என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது – நான் உப்பங்கழி ஓரம் நிற்கிறேன். எங்கள் அதியமான்கோட்டையில் நாள் முழுக்க நெடுஞ்சாலை லாரிச் சத்தம்தான். கண்ணை மூடினால் அதுவும் இப்போது அலைச் சத்தமாகக் கேட்கிறது. மழை விட்ட காலை, அசையாத தண்ணீர், தூரத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கூட்டம்... பார்க்காத கடற்கரை இவ்வளவு தெளிவாகத் தெரியுமா என்ன?

வசந்தி போனில் பாடம் எடுத்தாள். விடிவதற்குள் கிளம்ப வேண்டும். சத்தமாகப் பேசக் கூடாது. முக்கியமாக, பளிச் கலர் கூடவே கூடாது – மண் கலர், சாம்பல் கலர், காய்ந்த புல் கலர்தான் கட்ட வேண்டும்.

பீரோவைத் திறந்தேன். மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, தக்காளிச் சிவப்பு. "இதக் கட்டிக்கிட்டுப் போனா பறவ என்ன, கப்பலே திரும்பிப் போயிடும்" என்றார் வீட்டுக்காரர்.

அப்போதுதான் சரோஜா ஞாபகம் வந்தது. பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். என்னை அக்கா என்பாள். விஷயத்தைச் சொன்னதும் பீரோவைத் திறந்துவிட்டு, "எது வேணுமோ எடுத்துக்குங்க்கா" என்றாள்.

பார்த்தேன். சாம்பல், மண், வெளுத்த பச்சை, மறுபடி சாம்பல். வசந்தி சொன்ன அத்தனை கலரும் அங்கே அடுக்கி இருந்தன.

சரோஜாவின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு அவள் பளிச்சென்று எதுவும் கட்டுவதில்லை. கட்டக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? இந்தக் காலத்தில் யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள்... ஒரு பார்வை போதுமே!

யோசித்துப் பாருங்கள். பறவை பார்க்கப் போகிறவர்கள், கண்ணில் படாமல் இருக்கத்தான் மங்கல் கலர் கட்டுகிறார்கள். சில பெண்களை நாம் வருடம் முழுக்க அப்படித்தான் கட்ட வைத்திருக்கிறோம். எனக்கு வருத்தமாக இருந்தது.

அவள்தான் சிரித்தாள். "பறவ பாக்க நான் எப்பவோ ரெடிங்க்கா. என்னையும் கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"

கசக்குமா? உடனே சரி என்றேன். டிக்கெட், லீவு என்று பேச்சு வளர்ந்தது. போனில் பூநாரைப் படத்தைக் காட்டினேன். ரோஸ் நிறத்தில் ஒரு பெரும் கூட்டம், தண்ணீர் முழுக்க அதே ரோஸ்... சரோஜா வெகு நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். உள்ளே ரோஸ் கலரில் ஒரு புடவை. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"போன தீவாளிக்கு தருமபுரி போனப்ப வாங்குனேங்க்கா. கை அது மேலயே போயிடுச்சி. வூட்டுக்கு வந்தப்பறந்தான் ரோசன... இத எங்க கட்டறது?" கொஞ்சம் தயங்கினாள். "அங்க நம்மள யாருக்கும் தெரியாதில்லைங்களா? கடலு முன்னாடி ஒரே ஒரு நாளு..."

வாயைத் திறந்த நான் மூடிக்கொண்டேன். பளிச் கலர் கூடாதே! என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. புடவையைக் கவருக்குள் திணித்தாள்.

"அந்த நாரைங்க மட்டும் இந்தக் கலர்ல ஊரு ஊரா சுத்துது. அதுங்கள யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல, இல்லீங்க்கா?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே வசந்தியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏண்டி, ரோஸ் கலர் பொடவ கட்டிக்கிட்டு ஒருத்தங்க வந்தா நாரை என்ன பண்ணும்?"

"கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கும். வேற என்ன பண்ணும்? பைனாகுலர் எதுக்குடி இருக்கு?"

சரோஜா கவரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் உப்பங்கழி ஓரம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் தொந்தரவு செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பினாள்.

"ஜாக்கெட் தைக்கக் குடுக்கணுமேங்க்கா... தீவாளி நேரத்துல டெய்லரு வாங்குவாருங்களா?"

பறவைகளே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சரோஜா வருகிறாள்.