கப்பலில் போன துளசி

என் மகன் வெல்ஷ் மொழியும் தத்துவமும் சேர்த்துப் படிக்கச் சீமைக்குப் போனான். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ, ஒருவருக்காவது முதல் தடவையிலேயே புரிந்ததில்லை. எனக்கே புரிய ஒரு மாதம் ஆயிற்று. பாதி மொழி, பாதி தத்துவம், இரண்டும் சேர்ந்து ஒரே பட்டம். அவன் சொன்னது அவ்வளவுதான்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் வேகன்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் ஃபிட்டர். வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தால், காவிரிப் பாலம் தாண்டி, வேலைச் சங்கு ஊதுவதற்குள் பொன்மலை போய்ச் சேர்ந்துவிடுவேன். எதை எழுதினாலும் தலைப்பில் ‘ஸ்ரீ’ போட்டுவிட்டுத்தான் எழுதுவது எங்கள் வீட்டு வழக்கம். மளிகைச் சீட்டானாலும் சரி, லீவு லெட்டரானாலும் சரி. பழுதுபார்க்க வந்த வேகனின் அடியில் படுத்தால்கூட, சாக்பீஸால் ஓரமாக ஒரு ஸ்ரீ போட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன். ஃபோர்மேன் ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, “என்னய்யா, வண்டிக்குமா?” என்று கேட்டார். என் மகனுக்கு அ, ஆ வருவதற்கு முன்னாலேயே ஸ்ரீ எழுத வந்துவிட்டது.

திருச்சியில் பாதிரிமார் நடத்தும் காலேஜில் அவன் தத்துவம் படித்தான். மார்க் போதாமல் அது கிடைத்தது என்று நினைத்திருந்தேன். அவனோ கேட்டு வாங்கியிருக்கிறான். அந்தச் சமயம் சீமையில் வேல்ஸ் என்ற பகுதியிலிருந்து ஒரு வாத்தியார் காலேஜுக்கு வந்திருந்தார். பெருமாள் புறப்பாடு பார்க்க அவரை இவன்தான் எங்கள் வீதிக்குக் கூட்டிவந்தான். தமிழ்ப் பாசுரம் பாடுகிறவர்கள் முன்னே போக, நடுவில் பெருமாள் வர, வேதம் ஓதுகிறவர்கள் பின்னே வருவதைப் பார்த்து அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டாராம். “உங்கள் கடவுள் உங்கள் பாஷைக்குப் பின்னால் நடந்து வருகிறாரே” என்றாராம். அவர்கள் ஊரில் சொந்தப் பாஷையான வெல்ஷ் பேசிய குற்றத்துக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அடித்த காலம் உண்டாம். அதைக் கேட்ட நாளிலிருந்து இவனுக்கு அந்தப் பாஷை மேல் பித்து. கடிதம் போயிற்று, கடிதம் வந்தது, இடம் கிடைத்தது. செலவை அங்கே ஒரு அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது.

ஒர்க்‌ஷாப்பில் என் பக்கத்தில் வேலை பார்ப்பவர் பொன்மலை குவார்ட்டர்ஸ்காரர், கிறிஸ்தவர். இருபது வருஷச் சிநேகிதம். அவரிடம் முதலில் சொன்னேன்.

“வெல்ஷா? அதைப் படிச்சா என்னய்யா வேலை கிடைக்கும்?”

“தெரியலை.”

“கூட இன்னொண்ணு சொன்னியே?”

“தத்துவம்.”

“அதுக்கு?”

“அதுக்கும் தெரியலை.”

“ரெண்டு தெரியாததைச் சேர்த்து ஒரு பட்டமா! கொடுத்துவச்சவன்யா உன் பையன்.”

வேலையைப் பற்றிய கவலை எனக்குப் பெரிதாக இல்லை. மொழி படிக்கிற பாதியைப் பற்றியும் பயமில்லை. என் பயமெல்லாம் மற்றப் பாதிதான். கிளம்புவதற்கு முதல் நாள் கேட்டேன், “தத்துவத்துல என்னதான்டா சொல்லித் தருவாங்க?”

“எதையும் ஏன்னு கேக்காம ஏத்துக்கக் கூடாதுன்னு சொல்லித் தருவாங்கப்பா.”

“பெருமாளையுமா?”

சிரித்தான். அந்தச் சிரிப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு, அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

புரட்டாசியில் போனான். உறையில்லாமல் காகிதத்தையே மடித்து ஒட்டி அனுப்பும் நீல நிற ஏர் லெட்டர் மாதம் ஒன்று வந்தது. எப்போதும் மழையாம். மனிதர்களைவிட ஆடு அதிகமாம். வெல்ஷ் நன்றாகப் பேசுகிறவர்கள் வயதானவர்கள்தானாம். அவர்கள் பேசிக் கேட்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத்தான் போக வேண்டுமாம். அவன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பானாம். தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா, சாப்பாட்டு மேஜையில் இவன் தப்பாகப் பேசினால் திருத்திய பிறகுதான் ரொட்டியை நகர்த்துவாராம்.

முதல் மூன்று கடிதங்களில் தலைப்பில் ஸ்ரீ இருந்தது. தையில் வந்த நான்காவது கடிதத்தில் இல்லை. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். இல்லை. மறந்திருப்பான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். மாசியில் வந்த ஐந்தாவதிலும் இல்லை.

மனைவியிடம் காட்டினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“போன தடவையே பார்த்தேன்” என்றாள்.

“பார்த்துட்டுமா சொல்லலை?”

“சொன்னா நீங்க சாப்பிடமாட்டீங்க. இப்ப சாப்பிடாமத்தான இருக்கப் போறீங்க?”

அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. சோறு இறங்கவில்லை. கேள்வி கேட்டுக் கேட்டுப் பெருமாளே இல்லை என்கிறவனாக ஆகிவிட்டானோ என்று ஒரு பயம். ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சுக்குப் போகிறானே, அந்த வழியிலேயே போய்விட்டானோ என்று இன்னொரு பயம். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“சாமியே இல்லைன்னு சொல்லிட்டான்னும் பயப்படுறீங்க, வேற சாமிகிட்டப் போயிட்டான்னும் பயப்படுறீங்க. ஏதாவது ஒண்ணுக்குப் பயப்படுங்களேன்” என்றாள் அவள்.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. நாளைக்கு நான் கண்ணை மூடினால் எனக்குச் செய்ய வேண்டியதை இவன் நம்பிச் செய்வானா, ஊருக்காகச் செய்வானா? கேட்டுவிடுவது என்று ஒரு ஏர் லெட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைப்பில் ஸ்ரீயைப் பெரிதாகவே போட்டேன். ‘நீ இன்னும் பெருமாளை நம்புகிறாயா இல்லையா, ஒரு வரியில் எழுது. ஸ்ரீ இல்லாத கடிதத்தை இனி இந்த வீட்டில் பிரிக்கமாட்டேன்’ என்று முடித்தேன். எழுதிய பிறகு மனசு கேட்கவில்லை. அன்று காலை சந்நிதியில் கிடைத்த துளசி, பெருமாளுக்குச் சாத்திக் களைந்தது, கதிரோடு ஒரு கொத்து இருந்தது. அதை உள்ளே வைத்து மடித்து ஒட்டினேன். அதன் வாசனை போய் அவனை எழுப்பட்டும் என்று நினைத்தேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இருபது நாளில் பதில் வர வேண்டும். பங்குனியில் ஒரு கடிதம் வந்தது. மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

“ஏன் பிரிக்கலை?” என்றாள் மனைவி.

“ஸ்ரீ இல்லாததைப் பிரிக்கமாட்டேன்னு எழுதியிருக்கேனே.”

“பிரிக்காம இருக்கா இல்லையான்னு எப்படிங்க தெரியும்?”

பிரித்தேன். இல்லை. என் கேள்விக்குப் பதிலும் இல்லை. ஆடு குட்டி போடுகிற காலம், பரீட்சை வருகிறது, அது இது என்று எழுதியிருந்தான். இரண்டு கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டியிருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். சித்திரையில் அடுத்தது வந்தது. ‘வீட்டிலிருந்து இரண்டு மாதமாகக் கடிதமே இல்லையே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, எதையாவது மறைக்கிறீர்களா?’ என்று கேட்டிருந்தான்.

எனக்கு உடம்பு எரிந்தது. மறுநாள் சிநேகிதரிடம் சொன்னேன், “பெருமாளை விட்டது போதாதுன்னு பொய் சொல்லவும் கத்துக்கிட்டான். என் லெட்டரே வரலையாம்.”

“சர்ச்சுக்குப் போறான்னுதான உனக்குக் கோபம்? நான் நாப்பது வருஷமாப் போறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையேய்யா” என்றார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துக் குரலை இறக்கினார். “ஏன்யா, தபாலாபீஸ்ல கேட்டியா?”

கேட்கவில்லை. பிள்ளை பொய் சொல்லியிருப்பான் என்று நம்ப எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தபாலாபீஸில் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மட்டும் தோன்றவேயில்லை.

சனிக்கிழமை போனேன். கவுண்டரில் ஒரு அம்மா இருந்தார்கள். ஏர் லெட்டர் தொலைந்துபோகுமா என்று கேட்டேன்.

“சாதாரணமாத் தொலையாதுங்க. உள்ள ஏதாவது வச்சீங்களா சார்?”

“ஒண்ணும் இல்லைங்க. துளசிதான்.”

“துளசிதானா!” என்று சிரித்துவிட்டு, புதுக் காகிதம் ஒன்றை எடுத்து, அதில் இங்கிலீஷில் அச்சிட்டிருந்த வரியை விரலால் காட்டினார்கள். “இதுக்குள்ள எதுவும் வைக்கக் கூடாதுங்க. கைக்குத் தட்டுப்பட்டா ஏர்மெயில்ல சேர்க்க மாட்டாங்க, சாதாரணத் தபால்ல தள்ளிடுவாங்க. உங்களுது கப்பல்லதான் போயிருக்கும். ரெண்டு மாசம், மூணு மாசம்கூட ஆகும்.”

அந்த வரியை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். விலாசம் எழுதும் இடத்தைக் காட்டுவது என்று நினைத்திருந்தேன்.

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை பொய் சொல்லவில்லை. அந்த நிம்மதி தெருமுனை வரைக்கும்கூட வரவில்லை. அந்தக் கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை என்றால், இனிமேல்தான் சேரப் போகிறது. ‘பிரிக்கமாட்டேன்’ என்று எழுதினேனே, அதை இனிமேல்தான் படிக்கப் போகிறான். அதுவும் பரீட்சைச் சமயம். அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ‘ஒரு கடிதம் வரும், படிக்காதே’ என்று அவசரமாக எழுதலாமா என்று பார்த்தேன். எழுதினால் அதைத்தான் முதலில் படிப்பான். கடைசியில் ‘எல்லோரும் சுகம், அம்மா சுகம்’ என்று இரண்டே வரி எழுதிப் போட்டேன்.

மறுநாள் சந்நிதியில் நின்றபோது, பாற்கடலில் படுத்திருக்கிறவரிடம், ‘என் கடிதத்தை எப்படியாவது கடலில் போட்டுவிடு’ என்று வேண்டிக்கொண்டேன். கூடவே துளசியும் போகுமே என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு என்ன வேண்டுவது என்று எனக்கே தெரியவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு சும்மா நின்றேன். ஒரு மாதம் அப்படித்தான் போயிற்று.

வைகாசி கடைசியில் தபால்காரர் வந்தார். மனைவி வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளே கேட்பதற்கு முன்னால் பிரித்தேன். தலைப்பில் ஸ்ரீ இல்லை.

‘அப்பா, துளசி வந்து சேர்ந்தது. கறுத்துப் பொடிந்துவிட்டது, வாசனை கொஞ்சம் இருக்கிறது. ஒரு வரியில் எழுதச் சொன்னீர்கள். நம்புகிறேன் என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷம். ஆனால் அது இப்போது எனக்கு உண்மைதானா என்று தெரியவில்லை. இல்லை என்று எழுதினால் அதுவும் உண்மையில்லை. தெரியாமல் ஸ்ரீ போடுவது உங்களை ஏமாற்றுவது போல இருந்தது, நிறுத்திவிட்டேன். வேறு சாமியைத் தேடிக்கொள்ளவும் இல்லை. இதைப் பிரிக்கமாட்டீர்கள் என்று தெரிந்தும்தான் எழுதுகிறேன்.’

கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. வீட்டுக்கார அம்மா துளசியைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாராம். வெல்ஷில் சொல்லத் தடுமாறி, எங்கள் சாமியின் மாலையிலிருந்து அப்பா அனுப்பியது என்றானாம். அந்த அம்மா பாத்திரம் தேய்த்த கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்துதான் தொட்டாராம். பத்திரமாக இருக்கட்டும், என் வேதப்புத்தகத்துக்குள் வைக்கிறேன் என்று கேட்டாராம். ‘வேண்டாம், என்னிடமே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன்’ என்று முடித்திருந்தான்.

நான் படிக்கப் படிக்க முழுவதையும் கேட்டுவிட்டு மனைவி மூக்கைச் சிந்தினாள். “பொய் எழுதலைங்க” என்றாள்.

“அதான் பயமா இருக்கு” என்றேன்.

மறுநாள் ஒரு வேகனின் அடியில் படுத்திருந்தேன். வேலை முடிந்து வெளியே போகும் வண்டிக்கு ‘ஃபிட்’ என்று நான்தான் எழுத வேண்டும். இருபத்தைந்து வருஷத்தில், சரியாகிவிட்டது என்று நிச்சயமில்லாமல் கை வராத வண்டிக்கு ஒருநாளும் அதை எழுதியதில்லை. மேலதிகாரி நின்று அவசரப்படுத்திய போதும் எழுதியதில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சிநேகிதர் வெளியிலிருந்து காலைத் தட்டி, “தூங்கிட்டியா?” என்றார்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அவன் அங்கே இருந்த வருஷமெல்லாம் அது என்னோடு சைக்கிளில் வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் அவனுக்குப் பதில் எழுதினேன். துளசி வந்ததில் சந்தோஷம், பரீட்சையை நன்றாக எழுது, எப்படி எழுதினாலும் உன் கடிதத்தைப் பிரிப்பேன். தலைப்பில் ஸ்ரீ போட்டேன். பக்கத்திலேயே இன்னொன்றும் போட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “என்னங்க, ரெண்டு?”

“ஒண்ணு என்னோடது. ஒண்ணு அவனோடது. அவனுக்குக் கை வர்ற வரைக்கும் நான் போடுறேன்.”

மறுநாள் காலைச் சந்நிதித் துளசி சட்டைப் பையில் இருந்தது. தபாலாபீஸில் அதே அம்மா.

“உள்ள ஒண்ணும் வைக்கலையே சார்?”

“இல்லைம்மா.”

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மடிப்பு நெடுக விரலை ஓட்டிப் பார்த்தார்கள். பிறகுதான் ஏர்மெயில் கட்டோடு சேர்த்தார்கள்.