பொத்தானில் இருந்த கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. எங்கள் ஆபீசில், பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அன்று அங்கே தனியாக இருந்தவள் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. எதையும் மூன்று முறை விளக்குவாள். அதனால் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்.

தனியாக வாழும் வயதானவர்கள் அவசரத்துக்கு உதவி கேட்க ஒரு பெட்டி செய்கிறோம். உள்ளே லினக்ஸ் என்ற மென்பொருள் ஓடும். வெளியே ஒரே ஒரு பொத்தான். அழுத்திப் பிடித்தால் எங்களோடு பேசலாம்.

அதற்கு அப்டேட் போடும் முறையை வடிவமைத்தவள் டீச்சர். பெட்டிக்குள் மென்பொருளுக்கு இரண்டு இடம். பழையது ஒன்றில் இருக்கும்போதே புதியது மற்றதில் போய் உட்காரும். பிறகு பெட்டி புதியதில் இயங்கத் தொடங்கி, "பொத்தானை ஒரு தடவ அழுத்தி விடுங்க" என்று கேட்கும். வீட்டில் இருப்பவர் அழுத்தி விட்டால் புதியது நிலைக்கும். மூன்று முறை கேட்டும் யாரும் அழுத்தாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். மனிதக் கை பட்டால்தான் அம்மணிக்கு நம்பிக்கை.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு தாய்மாமா. அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர். வேறு ஊரில் தனியாக இருந்தார். அவர் வீட்டிலும் ஒரு பெட்டி வைத்திருந்தாள். ஆபீஸ் திரையில் அவர் வீட்டுக்கு நேரே பச்சை தெரிந்தால் போதும், மாமா நன்றாக இருக்கிறார் என்று வேலையில் மூழ்கிவிடுவாள். பச்சை என்றால் பெட்டி நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் போன் பண்ணி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதிய மென்பொருளை அனுப்பினாள். எல்லா வீட்டிலும் அழுத்தி விட்டார்கள். மாமா வீடு மட்டும் பாக்கி. பெட்டி ஒரு முறை கேட்டது. யாரும் அழுத்தவில்லை. இரண்டாவது முறை கேட்டது. இல்லை.

"தூங்குறார் போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது முறை கேட்டது. மணி 3.42. திரையில் வந்தது... பொத்தான் அழுத்தப்பட்டது.

அப்பாடா என்று சாய்ந்தாள். ஆனால் கையை எடுத்ததாக வரவில்லை. பொத்தான் அழுத்தியபடியே இருந்தது. பேசும் இணைப்பு தானாகத் திறந்துகொண்டது.

"மாமா, கைய எடுங்க. ஒரு தடவ போதும்."

சத்தமே இல்லை. இல்லை... இருந்தது. எங்கோ குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் மாமா. கோவமா?"

தண்ணீர் மட்டும்.

அவருடைய செல்போனுக்கு அடித்தாள். அது மணியடிப்பது பெட்டி வழியாகவே கேட்டது. வீட்டுக்குள்ளேதான், ஆனால் தூரத்தில். யாரும் எடுக்கவில்லை. மணி நின்றது.

பிறகு... பெட்டிக்கு வெகு அருகில்...

ஒரு மூச்சு.

"மாமா?"

"வெச்சிடாத கண்ணு..."

அவர் குரல்தான்.

இணைப்பைத் துண்டிக்காமலேயே, மாமாவின் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனுக்கு செல்போனில் அடித்தாள்.

"அண்ணே, மாமா கதவு திறக்கலேன்னா உடைச்சிடுங்க. உடனே போங்க!"

தட்டினார். கூப்பிட்டார். இடித்தார். எல்லாம் பெட்டி வழியாகக் கேட்டது. மூச்சும் கேட்டுக்கொண்டே இருந்தது...

மடார்.

"ஐயா!"

மூச்சு நின்றது. திரையில் வந்தது... பொத்தான் விடப்பட்டது. மணி 4.05.

சற்று நேரத்தில் எலக்ட்ரீஷியன் செல்போனில் பேசினார். குரலே சரியில்லை.

"ஐயா அடுப்படியில விழுந்து கெடக்குறாரும்மா."

"இல்லண்ணே, முன்னறையில பாருங்க. பெட்டி பக்கத்துலதான் இருக்கார். இப்பத்தான் பேசினார்."

"அங்க யாரும் இல்லம்மா. நான் உள்ள வந்தப்ப அதுல சிவப்பு லைட்டு எரிஞ்சிட்டு இருந்துச்சு. ஐயான்னு கூப்பிட்டேன். அணைஞ்சிடுச்சு."

அந்த விளக்கு, விரல் பொத்தானில் இருக்கும்வரைதான் எரியும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். மாமாவின் உயிர் வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விட்டதாம்.