வால்நட்சத்திரமும் முகூர்த்தப் பாவும்

பெரிய காஞ்சிபுரத்தில் அந்த வருடம் விடியலுக்கு முன் வால்நட்சத்திரம் தெரிந்தது. பள்ளி நாட்களோடு வானம் பார்ப்பதை விட்டுவிட்ட நான், அதைப் படமெடுக்க இரவல் கேமராவுடன் தெருவுக்கு வந்தேன். நெசவாளர்கள் தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவினை, தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளை, நீட்டிக் கட்டுவதும் அந்த நேரத்தில்தான். கூரை ஒன்று மறைத்தது. கேமராவில் கண்ணை வைத்தபடியே பின்னால் நகர்ந்தேன்.

"சார், அசையாதீங்க! பாவு கால்ல மாட்டிக்கினு இருக்குது!" என்று எதிர்வீட்டு நெசவாளர் கத்தினார். "முகூர்த்தப் புடவைக்குப் போட்டது. அறுந்துச்சின்னா நான் தொலைஞ்சேன்."

ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன். அவரும் மனைவியும் கீழே உட்கார்ந்து, லாந்தர் வெளிச்சத்தில் இழை இழையாக விடுவித்தார்கள்.

"தொவாரபாலகர் கணக்கா நிக்கிறீங்களே சார்" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

கால் மணி நேரம் மேலே பார்ப்பதைத் தவிர எனக்கு வேலையில்லை. வால் கீழ்வானத்திலிருந்து சாய்வாக நீண்டு, நுனியில் மங்கிக் கரைந்தது. கேமரா வழியாக எனக்குத் தெரிந்தது ஒரு புள்ளி மட்டுமே.

அறுந்தவை நான்கே இழைகள். அவர் அவற்றை அங்கேயே முடிச்சுப் போட்டு இணைத்துவிட்டார். என் படங்களில் ஒன்றும் தேறவில்லை.

இப்போதெல்லாம் எங்கே பாவு நீட்டப் போகிறார்கள் என்று முந்தின மாலையே கேட்டுக்கொள்கிறேன். கேமராவைப் பையிலிருந்து எடுக்குமுன், வெறுங்கண்ணால் வேண்டியமட்டும் பார்த்துவிடுகிறேன்.