பிரின்ஸி வரைந்த பதின்மூன்றாம் நிலை

பிரின்ஸிக்கு ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் அவள் ஊரில், பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை ஊர்வலம் பதினான்கு நிலைகளில் நின்று செபித்துத் தெருத் தெருவாகப் போகும். நிலைக்கு ஒரு படம். அதைத் தெருக்காரர்கள்தான் வைக்க வேண்டும். வயலை ஒட்டிய அவள் தெருவுக்குப் பதின்மூன்றாம் நிலை: இயேசுவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்குவது.

2006-ல் கோயில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் தலைவர் சகாயராஜ், எல்லா நிலைக்கும் ஃபிளக்ஸ் அடித்துவிடலாம் என்றார்.

"எங்க தெருவுக்கு நான் வரையறேங்க" என்றாள் பிரின்ஸி.

தையல் கிளாஸில் புடவைக்குப் பூப்போட்டதுதான் அவள் கைப்பழக்கம். கூட்டத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

குவைத்தில் வேலை பார்த்த கணவன் ரெஜின், பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் பெரிய அச்சுப்படத்தை அனுப்பியிருந்தான். படம் முழுக்க இருட்டு. ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம். அதில் வெளுத்த உடலும், அதைத் தாங்கி இறக்கும் கூலிக்காரர்களின் அழுக்குக் கால்களும். அதைப் பார்த்து அப்படியே வரைவது என்று உட்கார்ந்தாள்.

ஆயில் பெயிண்டில் எண்ணெய் கலக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நம் ஆள் என்ன செய்தாள்? செக்கில் ஆட்டிய சுத்தமான நல்லெண்ணெயைக் கலந்தாள். சாமி படமாயிற்றே, மட்ட எண்ணெய் ஊற்றலாமா? மூன்று வாரம் கழித்தும் தொட்டால் வண்ணம் விரலோடு வந்தது. நெல் காயப்போடுவது போல வெயிலில் கிடத்தினாள். தூசியும் பதரும் ஒட்டியதுதான் மிச்சம். உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, தோசைக்கரண்டியால் அத்தனையையும் சுரண்டி எறிந்தாள்.

"காயணும்னா லின்சீடு ஆயில்தாம்மா. கதவுக்கு ஆசாரிங்க பூசுறது" என்றார் கும்பகோணத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஹாஜா மைதீன்.

மறுபடி ஆரம்பித்தாள். கறுப்பை அப்பினால் இருட்டு வராது, பழுப்பை மெல்லிசாக மேலே மேலே ஏற்ற வேண்டும் என்பதையும் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றாள். கால்கள் மட்டும் எத்தனை தடவை போட்டாலும் பொம்மைக் கால்களாகவே வந்தன. ஒருநாள், கோடை நடவுக்குச் சேறு மிதித்துவிட்டு வந்த அப்பா குழந்தைராஜை வாசலிலேயே மறித்தாள்.

"கழுவிட்டு வரேம்மா."

"வேண்டாம்ப்பா. அப்படியே நில்லுங்க."

வெடித்த குதிகாலும் நகத்தில் அடைந்த சேறும் படத்தில் ஏறின.

பெரிய வெள்ளி வரும் வாரத்தில் சகாயராஜ் பார்க்க வந்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. காலை மட்டும் சுத்தம் பண்ணிடு. ஜனங்க முழங்கால் போடற இடம்."

"ஒரிஜினல்லயே அப்படித்தாங்க இருக்கு."

"அது அவங்க ஊரு."

"ஆண்டவரைத் தாங்கினவங்க காலுங்க அது. மாத்த மாட்டேங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பெரிய வெள்ளி காலையில் பார்த்தால், தெருமுனையில் சிலுவை நிற்கும் குருசடியில் சகாயராஜின் ஃபிளக்ஸ் கட்டியிருந்தது.

ஃபிளக்ஸைப் பிரின்ஸி தொடவில்லை. படத்தின் ஒரு முனையைத் தான் பிடித்து, மறுமுனையை அப்பாவிடம் கொடுத்தாள். இருவரும் போய் ஃபிளக்ஸுக்கு முன்னால் நின்றார்கள்.

ஊர்வலம் வந்தது. பங்குச் சாமியார் படத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், பிறகு பதின்மூன்றாம் நிலையை வாசித்தார். தெருவே முழங்காலிட்டது. சகாயராஜ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். கடைசியில் கைக்குட்டையைத் தரையில் விரித்து அவரும் முழங்காலிட்டார்.

படத்தைப் பிடித்திருந்ததால் குழந்தைராஜும் அவர் மகளும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள்.