மடுல்சீமைக்கு ஒரே ஒரு முகவரி

மாகாணக் கல்வி அலுவலகத்தில் ஆயுளில் பாதியைச் சுற்றறிக்கை எழுதிக் கழித்தவன் என்பதால், எங்கள் பழைய மாணவர் சங்கம் தன் யாப்பை, அதாவது சங்க விதிகளை, என்னைக் கொண்டு எழுதுவித்தது. கணினியும் தெரியும் என்று அறிந்ததும் மின்னஞ்சல் குழுவையும் என் தலையில் கட்டியது.

சங்கத்துக்கு ஏற்கெனவே ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலையில் ரோஜாப்பூ, மத்தியானம் முருகன், இரவில் சர்க்கரை வியாதிக்கு வேப்பங்கொழுந்து. அதில் தீர்மானம் எடுப்பது கௌரவமில்லை என்று தலைவர் கண்டார். அவர் என்னோடு ஒரே வகுப்பில் படித்து, பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்று, பதுளையில் மேடைக்கு மேடை மாலை போட்டுக்கொள்வதையே தொழிலாக வைத்திருப்பவர்.

வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, இலவச மென்பொருளை ஏற்றினேன். அது என்னிடம் நேர்மையான கேள்விகள் கேட்டது. யார் எழுதலாம்? பதில் யாருக்குப் போக வேண்டும்? யார் ஒப்புதல் தருவது? செயற்குழுவிடம் கேட்டேன். எல்லாருடைய கடிதத்துக்கும் தன் ஒப்புதல் வேண்டும், தன் கடிதத்துக்கு மட்டும் வேண்டாம் என்றார் தலைவர். பதில்கள் எல்லாருக்கும் போகட்டும் என்றார்கள் மற்றவர்கள். போயின. 'நன்றி', 'மிக்க நன்றி', 'என்னை நீக்கவும்', 'என்னையும் நீக்கவும்'. விலகுவதற்கான இணைப்பு ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இருந்தது. எழுதியவர்கள் பட்டதாரிகள்.

சங்கம் செய்த உருப்படியான காரியம் ஒன்றுதான்: மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடந்த உயர்தரக் கணித வகுப்பு. அதைப் பதுளைக்கு மாற்றவேண்டும் என்றார் தலைவர். பிரமுகர்களைக் கூட்டிப்போகப் பாதை சரியில்லையாம், படம் எடுத்தால் பின்னால் தகரம் தெரிகிறதாம்.

மாற்றினால் என்ன ஆகும் என்று வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளையின் தாய் எனக்குப் போனில் சொன்னார். கொழுந்து பறிப்பவர்.

"காலையில பஸ் இருக்குங்கய்யா. வகுப்பு முடிஞ்சு திரும்பி வரத்தான் பஸ் இல்ல. வயசுப் புள்ளைய எங்க தங்க வைப்பேன்? படிச்சது போதும்னு அவுங்க அப்பா இப்பவே சொல்லிக்கிட்டு இருக்காரு."

இடத்தை மாற்ற அங்கத்தவர் வாக்கு வேண்டும், மாணவரின் பெற்றோரும் அங்கத்தவர் என்பது யாப்பு. நான் எழுதியது. ஆகவே வகுப்புப் பதிவேட்டில் இருந்த முகவரிகளோடு பெற்றோர்களைக் குழுவில் சேர்க்க உட்கார்ந்தேன். முதல் பெயரைச் சர்வர் சேர்த்தது. இரண்டாவது பெயருக்கு, 'ஏற்கெனவே அங்கத்தவர்' என்றது. மூன்றாவதற்கும் அதையே சொன்னது. அப்போதுதான் கவனித்தேன்: எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி.

அது மடுல்சீமைக் கடைவீதியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும், ஊரே 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் முகவரி. அவருக்குப் போன் எடுத்தேன்.

"என்ன சேர் செய்ற? ஆளுக்கொரு மெயில் தொறக்கப் போனா ஆளுக்கொரு போன் நம்பர் கேக்குது. இங்க வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே பெரிசு. அந்தப் போனும் புருசன்ட பொக்கட்ல. அதான் எல்லாத்துக்கும் என்ட மெயிலையே குடுத்திட்டன். கடிதம் வந்தா நான் வாசிச்சிக் காட்டுவேன்."

தலைவரிடம் சொன்னேன். அவர் குரலில் சந்தோஷம் பொங்கியது.

"அப்ப மடுல்சீமைக்கு ஒரு வாக்கு. முகவரி ஒன்னுன்னா ஆள் ஒன்னு. நான் சொல்லல மச்சான், உன்ட சர்வர்தானே சொல்லுது."

"சர்வர் ஏத்துக்கிட்டா அங்கத்தவர்னு வச்சுக்கலாமா?"

"தாராளமா."

அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார், எல்லாருக்கும்.

நானா வைத்திருந்த வகை முகவரியில், பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு எதை எழுதினாலும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் போகும். சர்வருக்கோ அது வேறு முகவரி. கூட்டல் ஒன்று, கூட்டல் இரண்டு என்று எல்லாரையும் சேர்த்தேன். சர்வர் மறுபேச்சில்லாமல் ஏற்றது. ஆனால் ஒவ்வொருவரும் உறுதிப்படுத்தும் கடிதத்தைத் திறந்து அதிலுள்ள இணைப்பை அமத்தவேண்டும். நானாவே எல்லாவற்றையும் அமத்திவிடத் தயாராக இருந்தார். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமைக்குப் பஸ் ஏறிப் போனேன்.

கடைக்குள் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். நானா திரையைப் பார்த்து, "கூட்டல் ஏழு யாரு? முன்னுக்கு வாங்க!" என்று கூப்பிட்டார்.

"காலையில ஆள் எண்ணுற பெரட்டுக் களத்துலயும் நம்பரு, இங்கயும் நம்பரா?" என்றார் போனில் பேசிய அந்தத் தாய். "கங்காணி வேலைய நீங்க எப்ப எடுத்தீங்க நானா?"

சிரிப்பு அடங்கியதும் நான் உட்கார்ந்து எண்களை நீக்கி, கூட்டல் குறிக்குப் பின்னால் அவரவர் பெயரை அடித்தேன். நேரம் பிடித்தது. கறை படிந்த விரல்கள் ஒவ்வொன்றாக வந்து அமத்திவிட்டுப் போயின.

வாக்கெடுப்பில் ஒவ்வொரு முகவரிக்கும் தனி இணைப்பு போனது. அதற்கும் அவர்கள் கடைக்கு வந்தார்கள். வகுப்பு மடுல்சீமையிலேயே தொடர்ந்தது.

தலைவர் போனில் கத்தினார். "எல்லாம் ஒரே பெட்டி! இது மோசடி!"

"ஒரே பெட்டி, வேற வேற ஆள். சர்வர் ஏத்துக்கிட்டா போதும்னு நீதான் எழுதியிருக்க."

மறுநாள் குழுவுக்கு அவரே ஒரு கடிதம் அனுப்பினார். பின்தங்கிய மக்களுக்காகத் தாம் போராடி வென்றதாக எழுதி, மாலையோடு தம் படத்தையும் இணைத்திருந்தார். தம் கடிதத்துக்கு ஒப்புதல் வேண்டாம் என்று எழுதவைத்தவர், கடிதத்தின் பருமனுக்கும் சர்வரில் வரம்பு உண்டு என்பதை யோசிக்கவில்லை. படம் பெரிது. கடிதம் நிர்வாகியின் ஒப்புதலுக்காக வரிசையில் நின்றது. நிர்வாகி நான். இன்னும் நிற்கிறது.

சனிக்கிழமை அந்தத் தாய் எனக்குப் போன் எடுத்தார். மகள் வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்றார். பிறகு கேட்டார்:

"அடுத்த வருசமும் மாத்தணும்னு கேப்பாங்களாங்கய்யா? மறுபடி கடைக்கு வந்து நாங்க ஆளுதான்னு அமத்தணுமா?"

நடைமுறை எனக்குத் தெரியும்: தீர்மானத்தை வருடாவருடம் கொண்டுவரலாம், ஒவ்வொரு வாக்குக்கும் புது இணைப்பு. தெரிந்திருப்பதே அருவருப்பாக இருந்தது.

"ஆமாங்கம்மா," என்றேன்.