வந்தவர்: ஒருவர்

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. இடம், பினாங்கு ஜோர்ஜ்டவுனில் பர்மா ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் நான் குடியிருக்கும் கொண்டோமினியத்தின் பின்பக்கத் தோட்டம். எல்லாவற்றுக்கும் தேதி எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கம்தான் அன்று என்னைக் கவிழ்த்தது.

துறைமுக அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு ஆண்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1986-இல் மனைவி காலமானாள். அடுத்த ஆண்டு, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகன், தனி வீட்டில் நான் ஒருவனாக இருக்க வேண்டாம் என்று சொல்லி இந்தக் கொண்டோவில் இரண்டாம் மாடி வீட்டை வாங்கிக் கொடுத்தான். நான்கு மாடி, முப்பத்திரண்டு வீடு. இத்தனை குடும்பங்களுக்கு நடுவே இருந்தால் தனிமை தெரியாது என்பது அவன் நினைப்பு. முப்பத்தோரு இரும்புக் கதவுகள் எப்போதும் சாத்தியே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. நூலகத்திலிருந்து வாரம் நான்கு புத்தகம், வானொலி, என் குறிப்பேடு. ரொட்டிக்காரரிடம் 'ஒரு ரொட்டி' என்று சொன்னதைத் தவிர வாய் திறக்காத நாட்களும் உண்டு. அந்த நாட்களையும் குறித்து வைத்திருக்கிறேன்.

கட்டடத்தைக் கட்டியவர்கள் நொடித்துப் போனதும் தோட்டக்காரர் நின்றுவிட்டார். 1988 தொடக்கத்தில் குடியிருப்பவர்கள் கூடிப் பேசி, மாதத்தின் முதல் ஞாயிறு நாமே தோட்டத்தைப் பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். கோத்தோங் ரோயோங் என்பார்கள், கூடிச் செய்யும் வேலை. யார் நாள் குறிப்பது, யார் நோட்டீஸ் ஒட்டுவது என்ற பேச்சு வந்தபோது என் கை தானாக உயர்ந்தது.

அதன் பிறகு மாதத்தில் ஒரு நாள் எனக்கு விடிந்தது என்றே சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், பெரும்பாலும் சீனர்கள். காகிதப்பூச் செடியைக் கத்தரிப்போம், லோங்காங் சாக்கடையில் அடைத்த இலைகளை அள்ளுவோம், லாலான் புல்லை வேரோடு கொத்துவோம். பதினொரு மணிக்குத் தரைத்தளத்து வீட்டு அம்மையார் ஒரு பெரிய கெத்தலில் கோப்பி ஓ, பாலில்லாத காப்பி, கொண்டு வருவார். ஓய்வு பெற்ற நர்ஸ், கணவரை இழந்தவர், என் வயதுதான் இருக்கும். அங்சானா மர நிழலில் உட்கார்ந்து குடிப்போம். ஒருமுறை அவர், என் மனைவியை எங்கே அடக்கம் செய்திருக்கிறது என்று கேட்டார். எங்களில் எரிப்பதுதான் வழக்கம், சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டோம் என்றேன். சற்று யோசித்து, "அப்படியானால் நீங்கள் எங்கே போவீர்கள்?" என்றார். கோப்பி சூடாக இருப்பதாகச் சொல்லி ஊதிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் மாத வேலை பெரியது. ஜனவரியிலிருந்து வறண்டு கிடக்கும் மண்ணை மழை வருவதற்குள் கொத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பின்படிக்கட்டில் ஏறும். நாள் குறிக்க எல்லா நாள்காட்டிகளையும் விரித்து வைத்துக்கொண்டேன். பெரிய வெள்ளி கழிந்திருந்தது. நோன்பு மாதம் இன்னும் தொடங்கவில்லை. சித்திரைப் புத்தாண்டுக்குப் பத்து நாளுக்கு மேல் இருந்தது. சீனர்களின் செங் பெங்கையும் பார்த்தேன். முன்னோர் சமாதிக்குப் போய்ப் புல் வெட்டி, கல்லில் உள்ள எழுத்துக்குப் புதுச் சாயம் பூசி, உணவு படைத்துக் கும்பிடும் நாள். ஐந்தாம் தேதி, புதன்கிழமை என்று போட்டிருந்தது. ஆகவே இரண்டாம் தேதி ஞாயிறு யாருக்கும் இடையூறில்லாத நாள். இரண்டு வாரம் முன்னதாகவே தட்டச்சு செய்து தபால்பெட்டிகளுக்கு மேலுள்ள பலகையில் ஒட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

அன்று காலை கீழே இறங்கினால் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. கார் நிறுத்துமிடம் காலி. கருவிகள் வைக்கும் அறையில் இரண்டு மண்வெட்டி, ஒரு வாரி, பாராங் கத்தி, நான்கையும் காணோம். எட்டு மணி வரை நின்றேன். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா, பத்து காவான் என்ற ஊரின் தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் ஆள், சிரித்துக்கொண்டே வந்தார்.

"யாருக்குக் காத்திருக்கீங்க, சார்? இன்னைக்கு செங் பெங்லா. எல்லாரும் இருட்டோட காடிய எடுத்துக்கிட்டு சமாதிக்குப் போயிட்டாங்க. அவங்களும் புல்லு வெட்டத்தான் போயிருக்காங்க."

செங் பெங் புதன்கிழமை, வேண்டுமானால் காலண்டரைப் பார்க்கச் சொன்னேன்.

"காலண்டர்ல புதன்தான் சார். புதன்கிழமை ஃபேக்டரியில எவன் லீவு குடுப்பான்? செத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. அவங்களுக்கு எல்லா நாளும் லீவுதானே."

கருவிகளைப் பற்றிக் கேட்டேன். நர்ஸ் அம்மா முந்தின நாள் கேட்டதாகவும், தான்தான் அறையைத் திறந்து கொடுத்ததாகவும், சாயங்காலம் திரும்பி வந்துவிடும் என்றும் சொன்னார்.

அதோடு நான் மேலே போய்ப் புத்தகம் படித்திருக்கலாம். போகவில்லை. மிச்சமிருந்த ஓர் அரிவாளையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு நான்கரை மணி நேரம் தனியாக வேலை செய்தேன். மண் ஓடு மாதிரி இறுகியிருந்தது. காகிதப்பூ முள் இரண்டு கையையும் கிழித்தது. ஒவ்வொரு கீறலுக்கும் கோபம் கொஞ்சம் ஏறியது. முப்பத்திரண்டு வீட்டில் எவரும் ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். என் நோட்டீஸைப் பார்த்தபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

மதியம் தட்டச்சுப் பொறியை எடுத்தேன். தேதி. வந்தவர்: ஒருவர். வராதவர்கள்: அதற்குக் கீழே, தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்திருந்த இருபத்து மூன்று வீட்டு எண்கள், வரிசையாக. கடைசியில் ஒரு வரி: பொதுக் கருவிகள் நான்கு அனுமதியின்றி எடுத்துச் செல்லப்பட்டுள்ளன. கையெழுத்திட்டு ஒட்டினேன்.

மாலை ஆறு மணிக்குக் கார்கள் திரும்பின. பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் கறுத்த முகங்கள், காலெல்லாம் செம்மண். ஒவ்வொருவராகப் பலகை முன் நின்றார்கள். யாராவது சத்தம் போட்டால் பதில் சொல்லத் தயாராக இருந்தேன். சத்தமே இல்லை. நர்ஸ் அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால், என் வாசலில் நான்கு கருவிகளும் சுவரில் சாய்ந்து நின்றன. கழுவித் துடைத்து, இரும்புக்கு எண்ணெய்கூடப் பூசியிருந்தது. அதுவரை அவர்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் என் வாசலுக்கு ஒரு தட்டுப் பலகாரம் வரும். அன்று கருவிகள் மட்டுமே வந்தன.

மே ஏழாம் தேதி நோன்புப் பெருநாள் என்பதால் வேலையைப் பதினான்காம் தேதிக்கு மாற்றினேன். ஒருவரும் வரவில்லை. ஜூன் நான்கு, ஜூலை இரண்டு, ஆகஸ்ட் ஆறு. என் குறிப்பேட்டில் நான்கு பக்கத்திலும் ஒரே வரி: வந்தவர்: ஒருவர். படிக்கட்டில் பார்த்தால் தலையசைத்து வழிவிட்டார்கள். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த மரியாதைக்கு என்ன பதில் சொல்வது? மாதத்தில் மனிதர்களோடு பேசக் கிடைத்த ஒரே நாளை நானே தட்டச்சு செய்து முடித்துவிட்டேன் என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. ஆகஸ்டில் முழங்கால் வீங்கியது, பாதியில் அரிவாளைப் போட்டுவிட்டு ஏறிவிட்டேன். மழையில் லாலான் இடுப்பளவு வளர்ந்தது.

ஜாகா மட்டும் விடாமல் பேசினார். ஒரு வார்த்தை சாரி சொன்னால் முடிந்துவிடும் என்றார். நான் எழுதியதில் பொய் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"கடைசி வரி, சார்? சாவி என்கிட்டதானே இருந்துச்சு. கேட்டுட்டுத்தானே எடுத்தாங்க?"

மேலே வந்துவிட்டேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, அம்மா திவசம் இந்த வருஷம் புதன்கிழமை வருது. லீவு கெடைக்கல. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றோம்பா, சேர்ந்து செய்வோம்."

போன ஆண்டும் இதையேதான் கேட்டான். தேதி மாறினால் அது திவசமே இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் வரவில்லை. நானே சமைத்து, அவள் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்து, அதே இலையில் நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். இந்த முறையும் அதே வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது. 'புதன்கிழமை' என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. செத்தவர்களுக்கு எல்லா நாளும் லீவுதானே என்று ஜாகா சொன்னது காதில் விழுந்தது. கப்பல் தாமதமாகி நான் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாலும் சோற்றை மூடி வைத்திருந்தவள் அவள். ஏன் தாமதம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"வாங்க" என்றேன்.

"நெசமாவாப்பா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி, ஐந்து மாத மௌனத்தைவிட அதிகமாக என்னைச் சுட்டது.

தொலைபேசியை வைத்ததும் தட்டச்சுப் பொறியை எடுத்தேன். திருத்தம் என்று தலைப்பிட்டேன். 2.4.1989 அன்று ஒட்டிய பட்டியல் தவறு. வேலை நாளைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவன் நான். கருவிகள் கேட்டுத்தான் எடுக்கப்பட்டன, கடைசி வரி உண்மையில்லை. எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கீழே, பதினேழாம் தேதி ஞாயிறு மதியம் என் மனைவியின் நினைவாக வீட்டில் சாப்பாடு, எல்லாரும் வரலாம் என்று சேர்த்தேன். பழைய நோட்டீஸ் இன்னும் பலகையில் இருந்தது. மஞ்சளாகிப் போன அந்தத் தாளை ஐந்து மாதமாக ஒருவரும் கிழிக்கவில்லை. நானே எடுத்தேன். ஜாகா புதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, மன்னிப்புக்கும் தேதி போட்ட ஒரே ஆள் நீங்கள்தான் என்று சிரித்தார்.

புதன்கிழமை கோயிலில் தனியாக எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தேன். அதுவரை நோட்டீஸைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை மகன், மருமகள், பேத்தி வந்து சேர்ந்தார்கள். எத்தனை பேருக்குச் சமைப்பது என்று மருமகள் கேட்டபோது, நம் நான்கு பேருக்குப் போதும் என்றேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மண்ணைக் கொத்தும் சத்தம் கேட்டது. பக்கத்து நிலத்தில் ஏதோ வேலை என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பின்பக்கத் தோட்டத்தில் இடுப்பளவு லாலானுக்குள் ஆட்கள் குனிந்து நின்றார்கள். பழக்கதோஷம், எண்ணினேன். பதினான்கு பேர். நடுவில் ஓலைத்தொப்பியோடு நர்ஸ் அம்மையார்.

கைலியோடு இறங்கி ஓடினேன். அம்மையார் நிமிரவில்லை. மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"உங்க வொய்ஃபுக்குச் சமாதி இல்லைன்னு சொன்னீங்களே, மிஸ்டர். நாங்க வேற எங்க போய்ப் புல்லு வெட்டுறது? இன்னைக்கு உங்க செங் பெங்லா."

பின்னால் வந்து நின்ற மகன், சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு மண்வெட்டியை எடுத்தான். அவனும் நானும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனை ஆண்டு ஆகியிருந்தது என்பதற்கு மட்டும் என்னிடம் குறிப்பு இல்லை. மருமகள் மேலே மறுபடியும் உலை வைத்தாள். மதியம் வாழையிலை போதாமல், தட்டுகளை அவரவர் வீட்டிலிருந்தே கொண்டு வந்தார்கள். அம்மையார் கெத்தலைக் கொண்டு வந்தார்.

இதெல்லாம் நடந்து எட்டு ஆண்டு ஆகிறது. அம்மையார் 1993-இல் மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போய்விட்டார். தோட்டத்தை இப்போது ஒரு குத்தகைக்காரரின் ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வார நாளில் இயந்திரத்தோடு வந்து அரை மணியில் வெட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரும்புக் கதவுகள் பழையபடி சாத்தியே இருக்கின்றன. எழுதி வைக்க வேண்டிய பேச்சற்ற நாட்களும் திரும்பி வந்துவிட்டன. ஆனால் செப்டம்பரில் ஒரு ஞாயிறு மட்டும், இயந்திரம் ஏற்கெனவே வெட்டிய இடமாகவே இருந்தாலும், நானும் மகனும் இறங்கிப் போய் அந்த அங்சானா மரத்தடியில் கொஞ்சம் புல் வெட்டுகிறோம். என் குறிப்பேட்டில் அவள் திவசத்துக்கு இப்போது இரண்டு தேதி எழுதுகிறேன்: ஒன்று பஞ்சாங்கம் சொல்லும் நாள், மற்றது மகனால் வர முடிகிற நாள், இரண்டாவதைத்தான் சிவப்பு மையில் எழுதுகிறேன்.