அக்காவின் இடது கண்

என் அக்காவைச் சோம்பேறி என்று யாரும் சொன்னதில்லை. விடிவதற்கு முன்பே, கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீட்டு வாசலில் அவளுடைய இட்லி அடுப்பு எரியத் தொடங்கிவிடும். ஹார்பருக்கு முதல் ஷிப்டு போகிறவர்கள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். கடை முடிந்ததும் எங்கள் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டுவாள். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஹார்பரில் மூட்டை தூக்கியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. அவரைக் கவனித்த பிறகு ரேஷன் கடை வரிசை, குழாயடி, மறுநாளைக்கு ஆட்ட வேண்டிய மாவு. அம்மா இல்லை. கல்யாணமான சில வருஷத்திலேயே புருஷனைப் பறிகொடுத்த அக்கா எங்களோடு வந்து சேர்ந்து, வீட்டை முழுசாகத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். நான் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவேன்.

அடுத்தவர் வேலை எதுவும் அவளிடம் தங்காது. தங்கிப்போவதெல்லாம் அவளுடைய சொந்த வேலைதான். கிழிந்த ரவிக்கை கிழிந்தபடியே கொடியில் தொங்கும். சொத்தைப் பல் வலித்தால் கிராம்பை வைத்து அடக்கிக்கொள்வாள். கேட்டால், "ஆவட்டும், இப்போ இன்னா அவசரம்?" என்பாள்.

உலகச் சண்டை முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. ஒருநாள் மாவாட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள்.

"ஏண்டி, வெளக்கச் சுத்தி வானவில்லு மாரி தெரியுது. உனக்குத் தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. அவளுடைய கண்தான் கலங்கியிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு தலைவலி வர ஆரம்பித்தது. வலி வந்தால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிடுவாள். சில நாள் வாந்தியும் எடுப்பாள். அடுப்புச் சூடு என்று அவளே காரணமும் சொல்லிக்கொள்வாள்.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்லாத வாரம் இல்லை. வெள்ளிக்கிழமை போகலாம் என்பாள். அந்த வெள்ளிக்கிழமை நைனாவுக்குக் காய்ச்சல் வரும். அடுத்த வாரம் போகலாம் என்றால் ரேஷனில் அரிசி போடுவார்கள். பிறகு ஆடி மாதம், கூழ் ஊற்ற வேண்டும். பிறகு மழை, சந்து முழுக்கத் தண்ணீர். ஒவ்வொரு காரணமும் உண்மைதான். பொய்யாக ஒன்று சொல்லியிருந்தால் கூட நான் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

ஒரு காலையில், ஹார்பரில் கப்பல் சரக்கைத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற பாய் ஒருவர் வழக்கம்போல் இட்லி வாங்க நின்றார். அக்கா சட்னியை ஊற்றினாள். அது இலையில் விழாமல் அவர் மணிக்கட்டில் வழிந்தது.

"இன்னாக்கா, கையில ஊத்துற?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். அவளது வலது கண்ணை மூடச் சொல்லி, விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார்.

அக்கா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"கை தெரியுதாக்கா?"

"வெளிச்சமா கீது, பாய். வேற ஒண்ணும் தெர்ல."

அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. நைனாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளை டிராமில் ஏற்றினேன். வழியெல்லாம், இன்னும் ஊறப்போடாத உளுந்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது என்றார். இடது கண் இனி வராது. வலது கண்ணிலும் அழுத்தம் இருக்கிறது; மருந்தை நாள் தவறாமல் விட வேண்டும், மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். "முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

இனிமேலாவது திருந்துவாள் என்று நினைத்தேன். நாலைந்து நாள் மருந்து விட்டாள். பிறகு பார்த்தால் சீசாவில் மருந்து குறையவே இல்லை. எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன்.

"மிச்சம் கீற கண்ணும் போவணுமா உனக்கு?"

"மருந்து வுட்டா எல்லாம் மங்கிப் பூடுது. அடுப்பாண்ட எப்டி நிக்கிறது? நைனாக்கு யாரு ஊட்டறது? எத வுட்டுட்டு நான் படுக்கணும், நீயே சொல்லு."

நான் அடங்கவில்லை. கண் தெரியவில்லை என்று ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்டி. குழாயாண்ட ஒருநாளு நல்லா கீற கண்ண மூடிப் பாத்தேன். கொடத்தயே காணோம். அப்பவே தெரியும். டாக்டரு வாயால சொல்லிட்டாருன்னா அது நெசமாயிடுமே, அதான் போவல."

வேலை அதிகம் என்பதால் தள்ளிப்போடுகிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயத்தை ஒளித்து வைக்க அத்தனை வேலையும் அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதன் பிறகு அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இதையெல்லாம் கட்டிலில் படுத்தபடி நைனா கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அக்கா கஞ்சியோடு போனபோது அவர் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி சூடாக இருக்கிறதோ என்று ஊதினாள். உதட்டை இறுக்கிக்கொண்டார். பிறகு, நல்லா இருந்த இடது கையால் மாடத்தில் இருந்த மருந்துச் சீசாவைக் காட்டினார்.

"கண்ணு... மொதல்ல," என்றார். அத்தனை தெளிவாக அவர் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

"நீ குடி நைனா, நான் அப்பறமா..."

தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சி ஆறி ஆடை கட்டியது. அவருடைய வேளைக் கஞ்சியை அக்கா ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்துப் படுத்தாள். நான் மருந்து விட்டேன். அது எரிந்ததோ, அழுதாளோ, கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. பார்வை தெளிகிற வரைக்கும் அவள் அப்படியே கிடந்தாள். நைனா இடது கையைக் கீழே தொங்கவிட்டு அவள் தலைமயிரைத் தொட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் முறை. முதலில் மருந்து, பிறகு கஞ்சி. மத்தியானம் நான் இல்லாதபோது அவளே அண்ணாந்து விட்டுக்கொள்வாள். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரி; அன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை. முதல் திங்களன்று வாசலில் ஆட்கள் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்து அவள் தவித்தாள். அடுத்தடுத்த மாதங்களில் அவர்களே தெரிந்துகொண்டு வேறு கடைக்குப் போனார்கள். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்கள்.

சில வருஷம் கழித்து, ஒரு மாசி மாதத்தில் நைனா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அக்கா மருந்தை நிறுத்திவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை அவளே பாயை விரித்துப் படுத்தாள். காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில், அதே இடத்தில். நான் மருந்து விட்டுவிட்டு எழுந்தேன். பார்வை தெளிந்த பிறகும் வெகுநேரம் அவள் எழுந்திருக்கவில்லை.

வலது கண் அவளுக்குக் கடைசிவரை நின்றது. இடது கண்ணை அவள் குறையாகப் பேசிக் கேட்டதில்லை. ஒரே ஒருமுறை, ஆஸ்பத்திரிக்குப் போகிற டிராமில், நான் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் கையால் துழாவி என் முழங்காலைத் தொட்டாள்.

"இந்தாண்ட வந்து குந்துடி," என்றாள். "அந்தாண்ட இருந்தா நீ கீறியா இல்லியான்னே தெர்ல."